நூல் என்ன பாவம் செய்தது?

என் நண்பர் ஒருவருக்கு ஞாயிறு காலை என்றால் கோவளம் கடற்கரைதான். கையில் தூண்டில், தலையில் தொப்பி, வீட்டில் திட்டு!

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத அவருடைய ரீல், சுற்றும்போது கிறீச்சிட ஆரம்பித்தது. வாங்கிய கடைக்கே எடுத்துப் போனார். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ''பிரெய்டு போட்டிருக்கீங்களா சார்? அது ரம்பம் மாதிரி, ரீலையே அறுத்துடும். இனிமே புது ரீல்தான்!''

அந்த பிரெய்டை அவருக்கு விற்றதும் இதே கடைதான் என்பதைக் கவனிக்கவும்.

பிரெய்டு என்றால் பின்னல் நூல். நம் மீனவர்கள் தங்கூசி என்று சொல்கிற நைலான் நரம்பு ஒற்றை இழை. இதுவோ, நான்கு அல்லது எட்டு இழைகளை ஜடை மாதிரிப் பின்னியது. மூலப்பொருள் பாலிஎதிலின். அதாவது, கேரி பேக்கின் ஒன்றுவிட்ட அண்ணன்! மூலக்கூறுச் சங்கிலிகளை மிக நீளமாக்கி, ஒரே திசையில் இழுத்து நிறுத்தியதில் அசுர பலம் வந்துவிட்டது. நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனம் 1990-ல் 'டைனீமா' என்ற பெயரில் இந்த இழையை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது. எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமை. குண்டு துளைக்காத உடைகளில்கூட இருக்கிறது.

ஆனால் வலிமை வேறு, கடினம் வேறு. தொட்டுப் பார்த்தால் வழவழவென்று வழுக்குகிற சமாசாரம் இது. இரும்பை எப்படி அறுக்கும்?

அறுக்கும்... நாம் ஒத்துழைத்தால்!

பழைய கிணறுகளின் கல் விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். ராட்டினம் இருந்தால் அந்தப் பள்ளம் விழாது. கயிறு ஓடும்போது ராட்டினமும் சேர்ந்து ஓடுவதால் உரசல் இல்லை. அது துருப்பிடித்து நின்றுபோனால்? ஒரே இடத்தில் தேய்ந்துகொண்டே இருக்கும். ரீலிலும் ஒரு குட்டி ராட்டினம் உண்டு. லைன் ரோலர் என்பார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான். பின்னல் நூல் தன் இழைகளுக்கு நடுவே கடல் தண்ணீரையும் பொடி மணலையும் சுமந்து வருகிறது. உப்பு, ரோலருக்குள் இருக்கும் பேரிங்கைத் துருவேற்றி இறுக்குகிறது. மணல், நூலை மாஞ்சாவாக மாற்றிவிடுகிறது. அறுப்பது நூலா, அதில் ஒட்டிய தூளா என்று பட்டம் விட்டவர்களைக் கேளுங்கள்.

அடுத்தது டிராக். மீன் பலமாக இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கிற பிரேக். நைலான் நரம்பு ரப்பர் மாதிரிக் கொஞ்சம் நீண்டு, அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். பிரெய்டு அவ்வளவாக நீளாது. போதாக்குறைக்கு, 8 பவுண்டு நைலானின் தடிமனிலேயே 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு கிடைக்கிறது. நூல் அறாது என்ற தைரியத்தில் நம் ஆட்கள் டிராக்கை முறுக்கி வைக்கிறார்கள். முன்பெல்லாம் நூல் அறுந்து ரீலைக் காப்பாற்றியது. ஃபியூஸ் கேரியரில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டு, மோட்டார் எரிந்ததும் கம்பியைத் திட்டுகிற கதைதான் இது!

பிரெய்டு உத்தமன் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆரம்ப காலத்துப் பின்னல் நூல்கள், கம்பில் நூல் ஓடுகிற பழைய வளையங்களில் கோடு போட்டது உண்மை. அதற்கு ஈடுகொடுக்கிற சிலிக்கான் கார்பைடு வளையங்கள் இப்போது சாதாரணம். கம்புக்குக் கிடைத்த அந்தக் கவனம், ரீலின் ரோலருக்குக் கிடைக்க வேண்டாமா?

நண்பர் வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினார். பேரிங் பழுப்பேறிச் செத்துக்கிடந்தது. ரோலரில் ஒரு பள்ளம். மற்றதெல்லாம் ஜோர்! கடைக்குப் போன் செய்தார். ''ஸ்பேர்லாம் தனியா வராது சார்.''

என் கோபம் இங்கேதான். குக்கருக்கு காஸ்கெட் தனியாகக் கிடைக்கிற ஊர் இது. விசில் வரவில்லை என்று யாராவது புதுக் குக்கர் வாங்குகிறோமா? பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் குழு போட்டது. டிசம்பரில் இணையதளமும் திறந்தது. செல்போன், கார், டிராக்டர் பற்றியெல்லாம் பேசுகிறார்கள். நல்லது. பொத்தான் அளவு ரோலருக்காக முழு ரீலையும் தூக்கிப்போடச் சொல்வதும் அதே அநியாயம்தானே?

தூண்டில்காரர்களே... திரும்பி வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நூலை இழுத்து, அது சுற்றுகிறதா என்று பாருங்கள். டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். அடுத்த ரீல் வாங்கும்போது, ''லைன் ரோலர் தனியா கிடைக்குமா?'' என்று கேளுங்கள். 'கிடைக்காது' என்றால், பர்ஸை மூடிக்கொண்டு வெளியே வாருங்கள்.

நண்பர் கடைசியில், இன்னொருவரின் உடைந்த ரீலிலிருந்து ரோலரைக் கழற்றி மாட்டிக்கொண்டார். அதே ரீல். அதே பிரெய்டு. போன ஞாயிறு ஒரு கொடுவா மாட்டியதாம்!