பிசிக்ஸ் டவுட் கேட்டா உடனே விடை சொல்லாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். நீட் எழுதப் போற பிள்ளைகளோட அப்பா அம்மா, டியூஷன் எடுக்கறவங்க, காலேஜ் படிச்சுக்கிட்டே ஜூனியர்களுக்கு டவுட் சொல்லித் தர்றவங்க, நேரம் இருக்கும்போது படிங்க.

நான் டாக்டர். பிசிக்ஸ் வாத்தியார் இல்ல. ஆனாலும் எனக்கு வரும் மெசேஜ்களில் காய்ச்சல், சளிக்கு அடுத்தபடியா நிறைய வருவது பிளஸ் ஒன் பிசிக்ஸ் டவுட்தான். காரணம் எல்லாருக்கும் தெரியும். நீட்டில் மொத்தம் 720 மதிப்பெண். அதில் 180 இயற்பியலுக்கு. பயாலஜியைத் திரும்பத் திரும்பப் படிச்சு தேத்திடற பிள்ளைகள்கூட பயந்து நிற்பது இந்த 180 முன்னாடிதான்.

இவங்களுக்கு உதவுறவங்களையும் கவனிச்சுட்டு வர்றேன். நல்ல மனசுக்காரங்க. ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து முழு சம்மையும் பேப்பரில் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பறாங்க. அந்தப் பக்கம் "தேங்க்ஸ் அண்ணா" வருது. ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம் அதே பிள்ளை, எண்ணை மட்டும் மாத்தின அதே சம்மோட வந்து நிற்குது.

ஓபியில் ஒருத்தர் வந்து "தலைவலிக்கு ஒரு மாத்திரை எழுதுங்க டாக்டர்"ங்கறார். எழுதிக் கொடுத்தா ரெண்டு நிமிஷ வேலை. ஆனா எத்தனை நாளா இருக்கு, வாந்தி வருதா, பார்வை மங்குதா, பிரஷர் எவ்வளவுன்னு கேட்காம எழுதினா அது வைத்தியமே இல்ல. அவர் சொல்வது தொந்தரவு. நோய் வேற இடத்தில் இருக்கலாம்.

பிள்ளை அனுப்பற சம்மும் ஒரு தொந்தரவுதான். நோய் எங்கேன்னு தெரிய ஹிஸ்டரி எடுக்கணும்.

எல்லாரும் சறுக்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கலாம். பந்தை நேரா மேலே எறியறோம். உச்சிக்குப் போன அந்தக் கணத்தில் அதோட முடுக்கம் என்ன?

பெரும்பாலான பிள்ளைகள் சொல்வது "பூஜ்யம்". உதவுறவர் உடனே "தப்பு. 9.8, கீழ்நோக்கி. பேசிக் இது"ன்னு அனுப்பிடறார். பிள்ளையும் எழுதி வச்சுக்குது. ஆனா அதோட மனசில் என்ன இருக்கு? "பந்து நின்னுடுச்சு, அப்போ எல்லாமே பூஜ்யம்தானே." திசைவேகமும் முடுக்கமும் அதுக்கு ஒரே பொருள். அந்தக் குழப்பத்தை 9.8 தொடவே இல்ல. நாளைக்கு ஊசல் வரும், ஸ்பிரிங் வரும். கடைக்கோடியில் நிற்கும்போது முடுக்கம் என்னன்னு கேட்டா, அங்கேயும் பூஜ்யம்னுதான் எழுதும்.

அதுக்குப் பதிலா இப்படிக் கேட்டுப் பாருங்க. "சரிம்மா, உச்சியில் வேகம் பூஜ்யம். நீ சொல்ற மாதிரி முடுக்கமும் பூஜ்யம்னே வச்சுக்குவோம். அடுத்த நொடி பந்து என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் பதில் வராது. அப்புறம் வரும். "அங்கேயே தொங்கும் சார்!" கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. வேகம் மாறணும்னா முடுக்கம் இருந்தே ஆகணும்னு அந்தப் பிள்ளை தானாவே கண்டுபிடிச்ச இடம் அது. இனிமே அதை மறக்க வைக்கிறதுதான் கஷ்டம்.

இது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கும் குறைன்னு நினைச்சிடாதீங்க. அமெரிக்காவில் 1992-ல் டேவிட் ஹெஸ்டெனஸும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து விசை பற்றி ஒரு கேள்வித்தாள் வெளியிட்டாங்க. கணக்குப் போடவே வேண்டாம். எளிய கேள்விகள், நாலைந்து விடைகள். தப்பான விடைகளெல்லாம் மக்கள் இயல்பா நம்பும் கருத்துகள். ஹார்வர்டில் எரிக் மஸூர்னு ஒரு பேராசிரியர். மாணவர்கள் பாராட்டும் ஆசிரியர், கஷ்டமான சம்மையெல்லாம் பசங்க போட்டுடுவாங்க. அந்த மாதிரி எளிய கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட மோசம். ஃபார்முலா தெரியுது, விசைன்னா என்னன்னு புரியலை.

அவர் பாடம் நடத்தும் முறையையே மாத்திட்டார். ஒரு கேள்வி போடுவார், எல்லாரும் விடை சொல்லணும். அப்புறம் பக்கத்தில் இருக்கவங்களோட வாதாடணும். மறுபடி விடை. நேத்து புரிஞ்சவன், இன்னிக்குப் புரியாதவனுக்கு நல்லா சொல்லித் தருவான், ஏன்னா எங்கே தடுக்கியதுன்னு அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்னு அவர் சொல்வார். அதனால காலேஜ் முதல் வருஷப் பசங்களே, ஜூனியர்களுக்குச் சொல்லித் தர உங்களை மாதிரி ஆள் கிடையாது. ஆனா போட்டோ அனுப்பறதை விடுங்க.

இன்னொரு வழக்கமான கேஸ். பைக் மணிக்கு 72 கிலோமீட்டரில் போகுது. பிரேக் போட்டா வேகம் நொடிக்கு நொடி 5 மீட்டர் குறையுது. எவ்வளவு தூரத்தில் நிற்கும்? பிள்ளை 72-ஐ அப்படியே ஃபார்முலாவில் போட்டு 518 மீட்டர்னு அனுப்பும். "யூனிட் மாத்தலை"ன்னு திருத்திட வேண்டாம். "பிரேக் போட்ட பைக் அரை கிலோமீட்டர் தாண்டியா நிற்கும்?"னு கேளுங்க. தன் விடையைத் தானே சந்தேகப்பட அது ஒரு பழக்கம். அப்புறம் நொடிக்கு 20 மீட்டர்னு மாத்தி 40 மீட்டர் வரும். அப்படியே 36-ல் போனா எவ்வளவுன்னு கேளுங்க. 10 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு. கேஷுவாலிட்டியில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் கணக்கோட அர்த்தம் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் 18 வயசில் பைக் சாவி கைக்கு வரும்.

"டாக்டர், 180 நிமிஷத்தில் 180 கேள்வி. இதுக்கெல்லாம் ஏது நேரம்?" நியாயமான கேள்வி. பரீட்சைக்கு முந்தின நாள்னா நானே ஃபார்முலாவைச் சொல்லிடுவேன். அது முதலுதவி. ஆனா பத்து மாசம் இருக்கும்போதும் முதலுதவியே செஞ்சுட்டு இருந்தா என்ன அர்த்தம்? முழு சம்மையும் போட்டுத் தர இப்போ செயலிகளே இருக்கு. மனுஷங்க அதே வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம் அந்த "இதுகூடத் தெரியாதா". தயவுசெஞ்சு இதை எழுதாதீங்க. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மெடிக்கல் சீட் வாங்கும் கனவோட படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு, வீட்டில் கேட்க ஆள் இருக்காது. மூணு நாள் யோசிச்சு, தயங்கித்தான் கேட்டிருக்கும். அந்த ஒரு வரிக்கு அப்புறம் அது கேள்வி கேட்பதையே நிறுத்திடும். பிசிக்ஸ் நமக்கு வராதுன்னு முடிவு பண்ணிடும். "எதுவரைக்கும் போட்டே, காட்டு பார்க்கலாம்"னு கேட்டா போதும். உங்களுக்கே தெரியலைன்னா "இரு, பார்த்துச் சொல்றேன்"னு சொல்றதில் ஒரு குறைச்சலும் இல்ல.

மேஜை மேல இருக்கும் புத்தகத்தோட எடைக்கு எதிர்வினை மேஜை தரும் செங்குத்து விசைன்னு அடிச்சுச் சொல்ற பெரியவங்களை நிறைய பார்த்திருக்கேன். கிடையாது. பூமி புத்தகத்தை இழுக்குது, அதுக்கு எதிர்வினை புத்தகம் பூமியை இழுப்பது. செங்குத்து விசைக்கு ஜோடி, புத்தகம் மேஜையை அழுத்துவது. நம்பிக்கை இல்லைன்னா அந்த மேஜையை லிஃப்டில் வச்சு யோசிங்க. லிஃப்ட் மேலே வேகமெடுக்கும்போது எடை அப்படியே இருக்கும், செங்குத்து விசை கூடும். ஜோடி விசைன்னா எப்பவும் சமமாத்தானே இருக்கணும்?

சரி, கமெண்ட்டில் பயிற்சி எடுப்போம். டம்ளர் நிறைய தண்ணி, அதில் ஒரு ஐஸ் கட்டி மிதக்குது. ஐஸ் முழுசா உருகினதும் தண்ணி வழியுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? பிளஸ் ஒன் பசங்க என்ன நினைக்கிறீங்க, ஏன் அப்படி நினைக்கிறீங்கன்னு எழுதுங்க. பெரியவங்க விடை போடக்கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்.