வெற்றியின் எடை

ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு குதிரையின் இதயம் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அதன் எடை 6.2 கிலோ. அக்குதிரையின் தோல் பதப்படுத்தப்பட்டு, உயிருள்ள உருவம்போல் மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் நிற்கின்றது. எலும்புக்கூடோ கடலுக்கு அப்பால், நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் உள்ளது. இறந்த குதிரை ஒன்றை இரு நாடுகள் இவ்வாறு மூன்று நகரங்களில் பங்கிட்டு வைத்துள்ளன. ஃபார் லாப் என்பது அதன் பெயர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அது இறந்தது. அன்று தொடங்கி ஆஸ்திரேலியர் கேட்டுவரும் கேள்வி, "ஃபார் லாப்பைக் கொன்றவர் யார்?" என்பதாகும்.

அதைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு. அதற்கு விடை காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1931ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தின் எடைப்பட்டியல் போதும்.

ஃபார் லாப், 1926ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நியூசிலாந்தின் டிமாரு நகருக்கு அருகில் பிறந்தது. ஓட்டப்பந்தயத்திற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்படும் தரோபிரெட் இனத்தைச் சேர்ந்தது. சிட்னி நகரில் குதிரைப் பயிற்சியாளராக இருந்த ஹாரி டெல்ஃபோர்டு என்பவர் அதன் வம்சாவளியைப் படித்துப் பார்த்து நம்பிக்கை கொண்டார். ஆனால் அவரிடம் பணம் இல்லை. டேவிட் டேவிஸ் என்னும் வணிகரை இணங்கச் செய்து, 160 கினி விலைக்கு ஏலத்தில் எடுக்க வைத்தார். குதிரை வந்து இறங்கியதும் டேவிஸ் ஏமாற்றம் அடைந்தார். நெடிய கால்களும் அழகற்ற நடையும் கொண்ட அதற்குப் பயிற்சிக் கட்டணம் செலுத்த அவர் மறுத்துவிட்டார். கட்டணமின்றிப் பயிற்சி அளிப்பதாகவும், அதற்கு ஈடாகக் குதிரையை மூன்றாண்டுக் குத்தகைக்குத் தரவேண்டும் என்றும் டெல்ஃபோர்டு கேட்டுக்கொண்டார். பரிசுப்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு டேவிசுக்கு என்று முடிவாயிற்று.

தாய்லாந்து மொழியில் மின்னலைக் குறிக்கும் சொல்லே இக்குதிரைக்குப் பெயராயிற்று. தொடக்கத்தில் மின்னலுக்குரிய அறிகுறி எதுவும் அதனிடம் இல்லை. முதல் நான்கு பந்தயங்களிலும் தோற்றது. 1929 ஏப்ரலில் சிட்னியின் ரோஸ்ஹில் மைதானத்தில்தான் முதல் வெற்றி கிட்டியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சிட்னியிலும் மெல்போர்னிலும் டெர்பி பந்தயங்களை வென்றபின், அதனைப் பற்றிப் பேசாத நாளிதழே இல்லை என்னும் நிலை வந்தது. வாழ்நாளில் அது ஓடிய பந்தயங்கள் 51, வென்றவை 37.

இவ்வெற்றிகளுக்குக் கொடுத்த விலை யாது என்பதை அறிய, எடை முறையைச் சற்று விரிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டக்களத்தில் மனிதர் ஓடும்போது, முன்பு வென்றவரின் தோளில் மூட்டை எதையும் ஏற்றுவதில்லை. குதிரைப் பந்தயத்தின் ஒரு பிரிவில் அவ்வாறு ஏற்றுகின்றனர். அதனை ஹேண்டிகேப் பந்தயம் என்பர். பந்தயக் கழகத்தின் அலுவலர் ஒருவர் குதிரைகளின் பழைய ஓட்டங்களை ஆராய்ந்து, திறன் மிக்கதற்கு மிகுந்த எடையும் திறன் குறைந்ததற்குக் குறைந்த எடையும் விதிக்கின்றார். ஜாக்கியின் உடல் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து விதித்த அளவை எட்டவில்லையெனில், சேணத்தின் அடியில் உள்ள பைகளில் ஈயத் தகடுகளைச் செருகி நிரப்புவர். எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடிக்க வேண்டும் என்பதே இம்முறையின் இலட்சியம். அதாவது, எந்தக் குதிரை வெல்லும் என்று எவராலும் எளிதில் சொல்ல முடியாதிருக்க வேண்டும். மெல்போர்ன் கோப்பை இவ்வகைப் பந்தயமே. அதன் தொலைவு அக்காலத்தில் இரண்டு மைல்.

1929ஆம் ஆண்டுக் கோப்பையில் மூன்று வயதான ஃபார் லாப் சுமந்தது சுமார் 47 கிலோ. மூன்றாவதாக வந்தது. அடுத்த ஆண்டு சுமையை 62.5 கிலோவாக உயர்த்தினர். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் காலை, பயிற்சி முடிந்து திரும்பிய குதிரையை நோக்கிக் காரில் வந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டனர். குண்டு படவில்லை. ஃபார் லாப் வென்றால் பெரும்பணம் இழக்கவிருந்த புக்கிகளின் ஏற்பாடு அது என்றே மக்கள் நம்பினர். அன்று பிற்பகலே அக்குதிரை ஒரு பந்தயத்தை வென்றது! பின்னர் ஜீலாங் நகரின் அருகே மறைத்து வைக்கப்பட்டு, நவம்பர் 4ஆம் நாள் காவலுடன் களத்திற்கு வந்து கோப்பையையும் வென்றது. நவம்பர் 6ஆம் நாளும் 8ஆம் நாளும் மேலும் இரு வெற்றிகள். எட்டு நாள்களில் நான்கு பந்தயங்கள் என்பது வியப்புக்குரிய சாதனை என்று நூல்கள் புகழ்கின்றன. எட்டு நாள்களில் நான்கு முறை ஓடவைத்தவர்களைப் பற்றி அவை ஒன்றும் கூறுவதில்லை.

அக்காலச் சூழலையும் கருத வேண்டும். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் ஆஸ்திரேலியாவைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. 1932ஆம் ஆண்டளவில் தொழிலாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேலையிழந்து நின்றனர். மலிவாக வாங்கப்பட்டு, எவராலும் மதிக்கப்படாது, பின் எல்லோரையும் வென்ற ஒரு குதிரையில் அம்மக்கள் தம்மையே கண்டனர். அந்த அன்பைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலின் மகிழ்ச்சியைத் தந்த உயிர் அது.

அதன் அடுத்த ஆண்டில்தான் அந்த அன்பு சோதனைக்கு உள்ளாயிற்று. 1931ஆம் ஆண்டுக் கோப்பைக்கு ஃபார் லாப்பின் மீது விதிக்கப்பட்ட எடை 10 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது 68 கிலோ. அப்பந்தயத்தின் வரலாற்றில் மிகுந்த எடையைச் சுமந்து வென்ற குதிரை 1890ஆம் ஆண்டின் கார்பைன் ஆகும். அது சுமந்தது 10 ஸ்டோன் 5 பவுண்டு. அந்த எல்லையையும் தாண்டி ஃபார் லாப்பின் மீது சுமை வைக்கப்பட்டது. பயிற்சியாளர் டெல்ஃபோர்டு குதிரையை விலக்கிக்கொள்ள விரும்பினார் என்றும், டேவிஸ் ஓட்டியே தீரவேண்டும் என வற்புறுத்தினார் என்றும் கூறுவர். குதிரை ஓடியது. எட்டாவதாக வந்தது. வென்ற ஒயிட் நோஸ் என்னும் குதிரையின் சுமை 6 ஸ்டோன் 12 பவுண்டு மட்டுமே. இரண்டுக்கும் இடையே 24 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தது.

எடை முறையை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் சில உள. ஒரே குதிரை எப்போதும் வெல்லுமாயின் பிறர் தம் குதிரைகளைக் களத்திற்கே கொண்டுவரார். பந்தயமே நின்றுபோகும் என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவ்வாறு காக்கப்படுவது யாருடைய நலம்? பிற உரிமையாளரின் நலம், பணம் கட்டுவோரின் நலம், கழகத்தின் வருவாய். சமநீதி என்னும் சொல்லை இங்குப் பயன்படுத்துவது பொருந்தாது. நீதியால் பயன்பெறுவோர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்க, அதன் பாரம் முழுவதும் ஒரு விலங்கின் முதுகில் ஏறுகின்றது. அரை டன் எடையுள்ள குதிரைக்குச் சில கிலோ பொருட்டன்று என்று வாதிடுவோரும் உள்ளனர். எடை பொருட்டன்றெனில் எடை விதிக்கும் அலுவலருக்கே வேலை இல்லை. குதிரையின் வேகத்தைக் குறைக்கும் அளவுக்கு அது வருத்தும் என்பதை அறிந்தே தகடுகள் செருகப்படுகின்றன.

குதிரைக்கு ஓடுவது இயல்பு, அது விரும்பியே ஓடுகின்றது என்னும் கூற்று இன்னும் இனிமையானது. புல்வெளியில் ஓடும் குதிரையைக் கண்டவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். எனினும் விரும்பி ஓடும் உயிர், களைத்தபோது விரும்பி நிற்கவும் செய்யும். பந்தயத்தில் அந்த இரண்டாவது விருப்பத்திற்கு இடமில்லை.

ஃபார் லாப் ஓய்வு பெறாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது ஆண்மை நீக்கம் செய்யப்பட்ட குதிரை. தரோபிரெட் உலகில் புகழ்பெற்ற ஆண் குதிரைகள் இளம் வயதிலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இனப்பெருக்கத்தின் வழியே உரிமையாளருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தரும். ஃபார் லாப்பால் அது இயலாது. ஓடினால் மட்டுமே வருவாய். 2005ஆம் ஆண்டில் மகைபி டீவா என்னும் பெண் குதிரை 58 கிலோ சுமந்து, தொடர்ந்து மூன்றாம் முறையாக மெல்போர்ன் கோப்பையை வென்றது. வென்ற அன்றே அதன் உரிமையாளர் அதற்கு ஓய்வை அறிவித்தார். அவருடைய கனிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அதன் குட்டிகளுக்கு விலை உண்டு என்பதும் அந்த ஓய்வை எளிதாக்கியது என்பதை மறக்கலாகாது.

தோல்வியடைந்த அதே மாதத்தில் ஃபார் லாப் கப்பலேறியது. முதலில் நியூசிலாந்து, பின்னர் பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்கா, அங்கிருந்து தரைவழியே மெக்சிகோவின் எல்லை நகரமான டிஹுவானா. டெல்ஃபோர்டு உடன் செல்லவில்லை. குதிரையை நாள்தோறும் பேணிவந்த டாமி வுட்காக் என்னும் இளைஞரே பொறுப்பேற்றார். அவர் அருகில் இல்லையெனில் அது உணவைத் தொடாது என்று சொல்லும் அளவுக்கு இருவரிடையே பிணைப்பு இருந்தது. டிஹுவானாவில் பயிற்சியின்போது குளம்பில் காயம் ஏற்பட்டது. அக்காயத்துடன், பழகிய புல்தரையை விட்டு மண்தரையில், 1932 மார்ச் 20ஆம் நாள் அகுவா காலியென்டே ஹேண்டிகேப் பந்தயத்தில் 58.5 கிலோ சுமந்து ஓடியது. புதிய களச் சாதனையுடன் வென்றது. அதுவே அதன் கடைசி ஓட்டம். பதினாறாம் நாள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க் பண்ணையில், வுட்காக்கின் கண்முன்னே துடித்து இறந்தது. அதன் வயது ஐந்து.

பிற்காலத்தில் அதன் பிடரிமயிரை நவீனக் கருவிகளால் ஆராய்ந்தவர்கள், இறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் முன்பு பேரளவு ஆர்சனிக் நஞ்சு உட்சென்றிருப்பதைக் கண்டறிந்தனர். ஆர்சனிக் கலந்த ஊக்க மருந்துகளைக் குதிரைகளுக்குக் கொடுப்பது அக்காலத்தில் வழக்கம். ஆகவே அது கொலையா, அளவு மிகுந்த மருந்தா, குடல்நோயா என்னும் வாதம் இன்றும் நடைபெறுகின்றது. துப்பறியும் கதைக்குரிய சுவை அதில் உண்டு. பகைவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளவும் அது வழிவகுக்கின்றது. 68 கிலோவை விதித்தவர்களோ மறைந்து திரிந்தவர்கள் அல்லர். அந்த எண் நாளிதழ்களில் அச்சாயிற்று. குதிரையின்மேல் அன்பு கொண்டவர்களே அதனைப் படித்துவிட்டு, பணம் கட்டி, களத்திற்குச் சென்று பார்த்தனர்.

பெருந்தன்மையும் துணிவும் மிக்க ஒருவரை, ஃபார் லாப் போன்ற பெரிய இதயம் உடையவர் என்று ஆஸ்திரேலியர் இன்றும் பாராட்டுவர். கான்பெராவுக்கு வரும் பள்ளிக் குழந்தைகள் கண்ணாடிக்கு அப்பால் உள்ள அந்த இதயத்தின் பருமனைக் கண்டு வியக்கின்றனர். அதன் அருகில் ஒரு பையில் 24 கிலோ ஈயத்தையும் நிரப்பி வைக்கலாம்; ஒயிட் நோசை விட ஃபார் லாப் எவ்வளவு மிகுதியாகச் சுமந்தது என்பதைக் குழந்தைகள் தம் கைகளாலேயே தூக்கிப் பார்க்கட்டும்.