பக்கம் தெரிகிறது, ஆனால் பிழை எங்கே?

மாணவர்களே, வழு மூன்று வகைப்படும் என்று உங்களுக்குத் தெரியும். தொடரியல் வழு, இயக்க நேர வழு, தருக்க வழு என்று கேட்டவுடன் வரிசையாகச் சொல்வீர்கள். ஆனால் உங்கள் கையால் எழுதிய இணையப் பக்கம் ஒன்று கணினி அறையில் வேலை செய்யாமல் நிற்கும்போது, அது இம்மூன்றில் எது என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். சிலர் முழுவதையும் அழித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்து மீண்டும் தட்டச்சுச் செய்கிறார்கள். சிலர் அருகில் இருக்கும் கெட்டிக்கார நண்பனிடம் விசைப்பலகையைத் தள்ளிவிடுகிறார்கள். இப்போது கைத்தொலைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பவர்களும் உண்டு. பக்கம் வேலை செய்துவிடும். எது பிழையாக இருந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. இந்தப் பழக்கம் உங்களுக்கு நட்டம் என்பதே என் கருத்து. செய்நிரலைத் தந்து அதிலுள்ள வழுவைக் காட்டுமாறு வினாத்தாள் கேட்டால், அங்கே நண்பனும் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை.

இதற்கு நீங்கள் மட்டும் காரணம் அல்ல. இணையப் பக்கம் எழுதும்போது நீங்கள் ஒரே கோப்பில் இரண்டு மொழிகளை எழுதுகிறீர்கள். இரண்டுக்கும் குணம் வேறு.

எச்.ரீ.எம்.எல். ஒட்டுகளால் ஆன மொழி. தடித்த எழுத்துக்கான ஒட்டைத் திறந்துவிட்டு மூட மறந்தால், அதற்குப் பின்னுள்ள எழுத்தெல்லாம் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். இல்லாத ஒட்டு ஒன்றின் பெயரை எழுதினாலும் இணைய மேலோடி ஒன்றும் சொல்லாது. உள்ளே இருக்கும் வாக்கியத்தை அப்படியே காட்டிவிட்டுப் போகும். பெரிய எழுத்து, சிற்றெழுத்து வேறுபாடும் ஒட்டின் பெயரில் பார்க்கப்படுவதில்லை. இந்தத் தாராளத்தைக் கட்டுப்படுத்த ஒரு முயற்சியும் நடந்தது. 2000 ஆம் ஆண்டு எக்ஸ்.எச்.ரீ.எம்.எல். என்ற கண்டிப்பான வடிவம் வெளியிடப்பட்டது. அதன் விதிகளை முழுமையாகப் பின்பற்றினால், ஓர் ஒட்டு மூடப்படாவிட்டாலும் பக்கத்துக்குப் பதிலாக வழுச்செய்திதான் வரும். உலகம் அதை ஏற்கவில்லை. அதன் இரண்டாம் பதிப்புக்கான வேலை 2009 இல் கைவிடப்பட்டது. அதன்பின் வந்த எச்.ரீ.எம்.எல். 5, பிழையாக எழுதிய பக்கத்தையும் எல்லா மேலோடிகளும் ஒரே மாதிரிக் காட்டுவதற்கு விதி வகுத்தது. பார்வையாளருக்கு இது நல்லது. பழகும் மாணவனுக்கு நல்லதா என்பது எனக்குச் சந்தேகம்.

அதே கோப்பில், ஸ்கிரிப்ற் ஒட்டுக்குள் நீங்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ற் இப்படி விட்டுக்கொடுக்காது. அங்கே ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்பதும் கணக்கு. ஓர் அடைப்புக்குறி குறைந்தால், அந்தத் தொகுதி முழுவதும் ஒரு வரிகூட இயங்காது. ஆனால் அது வாய்விட்டுச் சொல்லாது. தலைப்பு, படம், பொத்தான் எல்லாம் அழகாகத் தெரியும். பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது. பாஸ்கல் மொழியில் எழுதினால் தொகுப்பான் முதலிலேயே தடுத்து நிறுத்தி வழுவைச் சொல்லும். இணையப் பக்கத்தில் அந்தத் தடையை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

எங்கே போவது? விண்டோஸ் கணினியில் குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ் ஆகியவற்றில் எஃப் 12 விசையை அழுத்தினால் உருவாக்குநர் கருவிகள் திறக்கும். அதில் கொன்சோல் என்ற பகுதியில் வழுக்கள் சிவப்பு நிறத்தில், வரி இலக்கத்தோடு இருக்கும். முந்திய இன்ரநெற் எக்ஸ்புளோறரில் கீழ் மூலையில் சின்ன மஞ்சள் அடையாளம் ஒன்று தோன்றும். அதைக் கவனித்தவர்கள் குறைவு.

அந்தச் சிவப்பு வரிகளை வாசிப்பதிலும் ஒரு முறை உண்டு. ஸ்கிரிப்ற்றில் தொடரியல் வழு இருந்து, நீங்கள் பொத்தானையும் அழுத்தியிருந்தால் இரண்டு செய்திகள் இருக்கும். இரண்டாவது செய்தி, பொத்தான் அழைக்கும் சார்பு வரையறுக்கப்படவில்லை என்று சொல்லும். மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சார்பின் பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். பெயர் சரியாகத்தான் இருக்கும். தொகுதி முழுவதும் நிராகரிக்கப்பட்டதால் சார்பே உருவாகவில்லை. முதலாவது செய்திதான் நோய். இரண்டாவது அதன் விளைவு. வரி இலக்கத்தையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஆறாம் வரியில் திறந்த நெளி அடைப்பை மூடாவிட்டால், வழு கடைசி வரியில் இருப்பதாகச் செய்தி வரும். மொழி எங்கே பிழையை உணர்ந்ததோ அந்த இடத்தைத்தான் அது சொல்கிறது. ஆகவே அந்த வரியில் தொடங்கி மேல்நோக்கிப் பாருங்கள்.

இனி நீங்கள் மனனம் செய்த மூன்று வகைக்கு வருவோம். பக்கத்தைத் திறந்தபோது ஸ்கிரிப்ற்றின் வேலை எதுவுமே நடக்கவில்லையா? முதலில் தொடரியல் வழுவைச் சந்தேகியுங்கள். பாதி நடந்து நின்றுவிட்டதா? அது இயக்க நேர வழு; நின்ற இடத்துக்கு அடுத்த கூற்றைப் பாருங்கள். எல்லாம் நடந்தும் விடை பிழையா? அது தருக்க வழு. கொன்சோல் வெறுமையாக இருக்கும். எனக்கு மிகவும் பயம் தருவது இந்த மூன்றாவதுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு பாடங்களின் புள்ளிகளைப் பெட்டிகளில் பெற்று, சராசரி காட்டும் பக்கம் ஒன்றை எழுதுகிறீர்கள். முதற் பெட்டியில் 15, இரண்டாவதில் 20. சராசரி 17.5 வர வேண்டும். திரையில் 760 வருகிறது! சூத்திரத்தைப் பார்த்தால் சரி, அடைப்புக்குறியும் சரி, வழுச்செய்தியும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் அழித்து எழுதத் தொடங்குகிறார்கள். எழுதினாலும் அதே 760 தான் வரும்.

அழிக்காமல், சராசரியைக் கணிக்கும் கூற்றுக்கு முன்னால் கூட்டுத்தொகையைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். 1520 என்று வரும். இப்போது விளங்குகிறதா? பெட்டியிலிருந்து பெறப்படுவது எண் அல்ல, எழுத்துச் சரம். சரங்களுக்கு இடையில் கூட்டல் குறி வந்தால் ஜாவாஸ்கிரிப்ற் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடும். பிறகு 2 ஆல் வகுக்கும்போது மட்டும் 1520 எண்ணாகக் கொள்ளப்படுகிறது. அதே பெட்டிகளில் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்திருந்தால் 5 என்ற சரியான விடையே வந்திருக்கும், ஏனெனில் கழித்தலுக்குச் சரங்கள் எண்ணாக மாற்றப்படும். கழித்தலைச் சோதித்துவிட்டுக் கூட்டலும் சரி என்று நம்பியவர் ஏமாந்துபோவார். நம்பர் என்ற சார்பால் இரண்டு பெறுமானங்களையும் எண்ணாக மாற்றினால் 17.5 கிடைக்கும். இன்னொன்று: 15 என்ற சரமும் 15 என்ற எண்ணும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே பெறுமானத்தோடு அதன் வகையையும் கேட்க வேண்டும். டைப்ஒவ் என்ற செயலி அதைச் சொல்லும்.

இது ஜாவாஸ்கிரிப்ற்றுக்கு மட்டும் உரிய வழி அல்ல. 1995 இல் அலேர் சகோதரர்கள் வெளியிட்ட கோல்ட்ஃபியூசனில் நிபந்தனை, மடக்கு எல்லாவற்றையும் ஒட்டுகளாகவே எழுதலாம். அணி போன்ற சிக்கலான மாறியின் உள்ளடக்கத்தை அட்டவணையாக விரித்துக் காட்டுவதற்கென்றே அதில் தனி ஒட்டு ஒன்று சேர்க்கப்பட்டது. ஸ்கிரிப்ற் பகுதிக்குள் அந்த ஒட்டை எழுத முடியாது. பகுதியை மூடிவிட்டு வெளியே எழுத வேண்டியிருந்தது. 2009 இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், உள்ளேயே பயன்படுத்தக்கூடிய சார்பு ஒன்று தரப்பட்டது. மாறிக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதைவிடத் திறந்து பார்ப்பதே சரி என்று அனுபவமுள்ளவர்களும் நினைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏன் ஊகிக்க வேண்டும்?

ஒருமுறையில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்று இடத்தில் திருத்தினால் எது சரிப்படுத்தியது என்று சொல்ல முடியாது. சொற்செயலியில் எழுதியதை நகலெடுத்து ஒட்டாதீர்கள். வளைந்த மேற்கோள் குறிகளை ஜாவாஸ்கிரிப்ற் ஏற்காது, நோட்பாட் போதும்.

பரீட்சைக்கு ஆயத்தமாகும்போது சரியான செய்நிரல்களை மட்டும் பார்த்தெழுதிப் பழகுவதைக் குறைக்கலாம் என்பேன். இருவராகச் சேருங்கள். இயங்கும் பக்கம் ஒன்றில் ஒருவர் ஒரேயொரு வழுவைப் புகுத்தட்டும். மற்றவர் கணினியைத் தொடாமல், அச்சிட்ட தாளில் அதைத் தேடட்டும். தேடியபின் எந்த வகை வழு, மேலோடியில் என்ன தெரியும் என்று எழுதிவிட்டுத்தான் இயக்கிப் பார்க்க வேண்டும். முதல் நாள் தலைப்பு ஒட்டின் மூடும் பகுதியை நீக்குங்கள், மன்னிக்கும் எச்.ரீ.எம்.எல். கூட அங்கே முழு வெள்ளைப் பக்கத்தைக் காட்டும். அடுத்த நாள் ஜாவாஸ்கிரிப்ற் வரி ஒன்றின் முடிவிலுள்ள அரைப்புள்ளியை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பக்கம் முன்போலவே இயங்கும். பாஸ்கல் நிறுத்திவிடும் இடத்தில் இது ஏன் நிற்கவில்லை என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.