ரப்பர் மேல் பழி

"கேஸ்கெட் போச்சு மாமா, ஆவி கசியுது" என்றான் தங்கை மகன். உணவுப் பாக்கெட்டுகளை ஆவியில் கிருமி நீக்கும் ரிட்டார்ட்டில் அவனுக்கு வேலை. ஒரே வருஷத்தில் இது மூன்றாவது ரப்பர். கோப்பு தொலைந்தால் பியூனைத் திட்டும் ஆபீஸ் புத்திதான் இது!

பிள்ளையார்பாளையத்தில் இழை அறுந்தால் தறியையா மாற்றுகிறார்கள்? எந்த இழை என்றுதானே பார்க்கிறார்கள்?

ரப்பரைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். கசிவும் கூடவே நகர்ந்தால் ரப்பர்தான் குற்றவாளி. அதே இடத்தில் நின்றால் கதவையும் விளிம்பையும் விசாரியுங்கள். பள்ளத்தில் காய்ந்த குழம்பு, விளிம்பில் கீறல், தொய்ந்த கீல். சாக்கட்டி பூசி மூடித் திறந்தால் எங்கே படவில்லை என்பது தெரிந்துவிடும்.

பாஸ்டரின் சீடர் ஷாம்பெர்லான் 1879-இல் செய்த கருவியை பிரெஞ்சில் 'ஓட்டோக்ளாவ்' என்போம். தானே பூட்டிக்கொள்வது என்று பொருள். இவர்களோ ஆவி இருக்கும்போதே ஸ்பானரால் இறுக்குகிறார்கள். 121 டிகிரி ஆவி, ஒரு மீட்டர் அகலக் கதவைச் சுமார் 8 டன் பலத்தோடு தள்ளும். எதிரே நிற்பவன் என் தங்கை மகன். சூடு குறைந்தாலோ, பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் பாக்கெட்டுக்குள் பிழைத்துக்கொள்ளும். சாப்பிடுபவர் யார் வீட்டுப் பிள்ளையோ?

"நிறுத்தினால் உற்பத்தி போகும்" என்கிறாராம் மேலாளர். மூன்று ரப்பருக்கு அழுத காசு எந்தக் கணக்கில் வரும் என்று அவரைக் கேட்கச் சொன்னேன். கேட்கமாட்டான், பயந்தவன். சாக்கட்டி டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.