கியர் உதைத்தால்...



பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் ஒட்டோ கியர் கார், கியர் மாறும்போது உதைக்கிறதாம். கியர்பொக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறாராம் கராஜ்காரர். காப்பை அடகு வைக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்கிறார். அவசரம் வேண்டாம்.

முதலில் கியர் ஒயில். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் அதை அளக்கும் கம்பி உண்டு. கார் ஓடிச் சூடானபின், மட்டமான தரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர்த்தடியை எல்லா இடத்துக்கும் நகர்த்திப் 'பீ'யில் விடுங்கள். பின் கம்பியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். (ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திய கையோடு பார்க்க வேண்டும்.) ஒயில் குறைந்திருந்தாலே கியர் தாமதித்து உதைக்கும். அப்படியானால் ஒழுக்கைத் தேடச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பாகப் பட்டால் நல்லது. கறுத்துக் கருகல் நெடி வீசினால் உள்ளே கிளச் தட்டுகள் தேய்ந்திருக்கும். பலூடா மாதிரி பால்போலக் கலங்கியிருந்தால் றேடியேட்டர்த் தண்ணீர் கலந்துவிட்டது. அதற்குமேல் ஓட்டவே கூடாது.

கியர் மாறாமல் ஏற்றத்தில் போகும்போதும் உதறுகிறதா? பிளக், கொயிலின் கோளாறாக இருக்கலாம். கியர்பொக்ஸ் பாவம்! ஸ்கேன் செய்து, வரும் இலக்கத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தத் தாளோடு இன்னொரு கராஜுக்கும் போங்கள்.

ஒயில் மாற்றுவதானால் காரின் கைநூலில் உள்ள வகையையே ஊற்றச் சொல்லுங்கள். 'சீவீடீ' கியருக்குச் சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் நல்ல கியர்பொக்ஸும் கெட்டுவிடும்.