பெயர் தெரிய வாக்களியுங்கள்

2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் மசோதா மக்களவையில் நிறைவேறியது. பெகாசஸ் உளவு விவகாரத்தை விவாதிக்கக் கோரி எதிர்க்கட்சி உறுப்பினர்கள் முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பு நடந்தது. மசோதா நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையிலும் இதே முறையில், இதே கூச்சலில் வேலை முடிந்தது. 11ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார்.

ஆவடியில் இந்தச் சட்டத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எச்.வி.எஃப் என்று ஊரே அழைக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, அதற்குத் துணையான என்ஜின் தொழிற்சாலை, படையினருக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப் ஆகிய மூன்றையும் நம்பி வளர்ந்த ஊர் அது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது அங்கிருந்துதான். அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று பின்னால் வந்தவையும் அந்தத் தொழிலாளர்களின் கைவேலை. 2021 ஜூன் 16 அன்று மத்திய அமைச்சரவை, படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து அதன் 41 தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரிக்க முடிவெடுத்தது. நாடு முழுவதும் சுமார் 70,000 ஊழியர்களின் பணி இதில் அடங்கியிருந்தது. தொழிற்சங்கச் சம்மேளனங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்றன. அதைத் தடுக்க ஜூன் 30ஆம் தேதியே அவசரச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு மாற்றாக வந்ததுதான் ஆகஸ்ட் மாத மசோதா.

அதில் இருந்தது என்ன? தடை செய்யப்பட்ட வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தூண்டினால் இரண்டாண்டு வரை சிறை, 15,000 ரூபாய் வரை அபராதம். பிடியாணை தேவையில்லை, ஜாமீனில் விடுவதும் உரிமையல்ல. விசாரணை நடத்த இயலாது என்று அதிகாரி கருதினால், விசாரணையின்றியே வேலையிலிருந்து நீக்கலாம். ஓராண்டில் காலாவதியாகும் சட்டம்தான் என்பது உண்மை. ஆனால் அதன் தேவை அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. அக்டோபர் 1 முதல் ஏழு நிறுவனங்களும் இயங்கத் தொடங்கின. கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் ஆவடியிலேயே அமைந்தது.

வாரியத்தைப் பிரித்தது சரியா தவறா என்பது தனி வாதம். இரு தரப்பிலும் கனமான காரணங்கள் உண்டு. நாம் எழுப்புவது அதற்கும் முந்தைய கேள்வி. வேலைக்குப் போகாத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம் என்று ஒப்புக்கொண்ட உறுப்பினர்கள் யார் யார்? எதிர்த்தவர்கள் யார்? அன்று அவைக்கே வராதவர்கள் யார்? மக்களவை நடவடிக்கைக் குறிப்பில் பேசியவர்களின் பெயர் இருக்கும். வாக்களித்தவர்களின் பெயர் இல்லை. அது எங்குமே பதிவாகவில்லை.

இதில் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. 2020இல் இதே தொழிற்சாலைகளின் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா கூடாதா என்று ஊழியர்களிடம் முறைப்படி வாக்கெடுப்பு நடத்தின. சீட்டு கொடுத்து, வாங்கி, எண்ணினார்கள். அந்த வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கிய சட்டத்துக்கு நாட்டின் உச்ச அவையில் ஒரு தலையைக்கூட எண்ணவில்லை.

எண்ண வழியில்லாமல் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, அவையில் இருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையே முடிவு என்கிறது. மக்களவையின் 367ஆவது விதி அதற்கான நடைமுறையைச் சொல்கிறது. முதலில் குரல் வாக்கெடுப்பு. அவைத் தலைவரின் முடிவை ஒருவர் மறுத்தாலும் போதும்: மணி ஒலிக்கும், மூன்றரை நிமிடம் கழித்துக் கேள்வி மீண்டும் வைக்கப்படும், அப்போதும் மறுப்பு இருந்தால் 'டிவிஷன்', அதாவது பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு. உறுப்பினரின் இருக்கையிலேயே பொத்தான் இருக்கிறது. ஆனால் அதே விதியில் ஒரு சந்தும் இருக்கிறது. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று அவைத் தலைவர் கருதினால், இரு தரப்பாரையும் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிட்டு முடிவை அறிவிக்கலாம், பெயர்கள் பதியப்படமாட்டா.

பெரும்பான்மை கையில் இருக்கும் அரசு எதற்கு எண்ணிக்கைக்குத் தயங்க வேண்டும் என்று தோன்றலாம். டிவிஷன் என்றால் உறுப்பினர்கள் அவையில் இருந்தாக வேண்டும். வராதவர் யார் என்பது வெளியே தெரியும். தொகுதியில் கசப்பை உண்டாக்கும் மசோதாவுக்கு 'ஆம்' என்றவரின் பெயர் அச்சிலேயே நிற்கும். குரல் வாக்கெடுப்பு இந்த மூன்று தொல்லைகளிலிருந்தும் ஆளுங்கட்சியை விடுவிக்கிறது.

எதிர்க்கட்சிகளுக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அவையின் மையத்தில் பதாகை பிடித்து நிற்பவரால் இருக்கையிலிருந்து டிவிஷன் கேட்க முடியாது. முழக்கம் தொலைக்காட்சியில் வருகிறது. எதிர்ப்பு வாக்கு ஏட்டில் ஏறுவதில்லை. பெகாசஸ் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் ஆகஸ்ட் 3 அன்று ஐந்து நிமிடம் இருக்கைக்குத் திரும்பி டிவிஷன் கேட்டு, மறுக்கப்பட்டால் அந்த மறுப்பையாவது பதிவு செய்ய வைத்திருக்கலாம். ஆவடித் தொழிலாளிக்காக அதைச் செய்திருக்க வேண்டும்.

இருக்கையில் இருந்தால் மட்டும் கிடைத்துவிடுமா என்றால், 2020 செப்டம்பர் 20ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு டிவிஷன் கேட்டார்கள். உறுப்பினர்கள் தங்கள் இடத்தில் இல்லை என்று காரணம் சொல்லித் துணைத்தலைவர் ஹரிவன்ஷ் மறுத்தார். இடத்தில் இருந்தபடிதான் கேட்டோம் என்றார்கள் எதிர்க்கட்சியினர். அவை ரணகளமானது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பான்மை தன்னிடம் இருந்தது என்றது அரசு. இருந்திருந்தால் எண்ணிக் காட்டுவதில் என்ன நட்டம்? எண்ணாத அந்த வாக்கை எதிர்த்து விவசாயிகள் தில்லியின் எல்லையில் ஓராண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறியது.

அந்த இடைநீக்கத்தின் நிழலில்தான் ஆவடியை அடுத்த அம்பத்தூரைத் தொடும் சட்டமும் வந்தது. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த 2020 செப்டம்பர் 23 அன்று, மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஒரே நாளில் மாநிலங்களவையைக் கடந்தன. முன்பு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை ஆட்குறைப்புக்கோ மூடுவதற்கோ அரசின் அனுமதி பெற வேண்டியிருந்தது. இப்போது அந்த வரம்பு 300. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உதிரிபாக யூனிட்களிலும் பிரஸ் ஷாப்களிலும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கும் தொழிலாளிக்கு இதன் பொருள் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. டன்லப் டயர் ஆலை மூடப்பட்டதைக் கண்ணால் பார்த்த ஊர் அது. 2025 நவம்பர் 21 முதல் இந்தத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இவற்றை ஏற்றவர்களின் பெயர்ப் பட்டியலை அந்தத் தொழிலாளி எங்கே போய்த் தேடுவார்?

கட்சிக் கொறடா உத்தரவிட்டால் எல்லோரும் ஒரே பக்கம்தான் வாக்களிக்கப் போகிறார்கள், பெயரைப் பதிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் உறுப்பினரின் வாயைக் கட்டிப்போட்டது உண்மையே. அதைத் தளர்த்த வேண்டும் என்பதே நம் கருத்தும். ஆனால் கொறடாவுக்குப் பணிந்ததும் ஒரு செயல்தான். அதைச் செய்தவர் யார் என்று அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு. வராமல் நழுவியவரைக் காட்டிக்கொடுக்கவும் பெயர்ப் பட்டியலை விட்டால் வேறு கருவி இல்லை.

நேரம் போதாது என்பது இன்னொரு வாதம். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதாவை மக்களவை பன்னிரண்டு மணி நேரம் விவாதித்தது. நள்ளிரவு தாண்டி 288க்கு 232 என்று எண்ணி முடித்தது. முடிவு பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் உண்டு. எண்ணிக்கையில் சந்தேகம் கிளப்பியவர் யாருமில்லை. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் எண்ணாமல் முடியாது. அதனால்தான் பெகாசஸ் அமளி நடந்த அதே கூட்டத்தொடரில், பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் குறித்த 127ஆவது திருத்த மசோதாவுக்கு மட்டும் கட்சிகள் முழக்கத்தை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் பேசின. 385க்கு பூஜ்யம் என்று வாக்கும் பதிவானது. எண்ண வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் அவை தானாகவே ஒழுங்குக்கு வருகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சட்டங்கள் மீதான இறுதி வாக்கு பெயர் பதிந்தே எடுக்கப்படுகிறது. நம் அவையில் அதற்கான இயந்திரமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.

விவாதம் மெலிந்ததற்கு நிலைக்குழுக்களைப் புறக்கணித்ததும் ஒரு காரணம். 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் 16 சதவீதம். ஆவடி ஊழியர்களின் பிரதிநிதிகளை ஒரு குழு அழைத்து ஒரு நாள் கேட்டிருந்தால், விசாரணையின்றி வேலைநீக்கம் என்ற பிரிவாவது எஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

நம் கோரிக்கை திட்டவட்டமானது. மசோதாவின் இறுதி நிறைவேற்றம் எல்லா நேர்விலும் பெயர் பதிந்தே நடக்க வேண்டும். 367ஆவது விதியில் உள்ள அந்தச் சந்து, குறைந்தபட்சம் சிறைத்தண்டனை விதிக்கும் மசோதாக்களுக்கும் அவசரச் சட்டங்களுக்கு மாற்றாக வரும் மசோதாக்களுக்கும் பொருந்தாது என்று திருத்த வேண்டும். அவைத் தலைவரின் தலைமையில் விதிகள் குழு இருக்கிறது. அதன் முன் இந்தத் திருத்தத்தை எந்த உறுப்பினரும் வைக்கலாம்.

ஆவடி திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது, அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூரில். அவற்றின் உறுப்பினர்களான சசிகாந்த் செந்திலும் டி.ஆர்.பாலுவும் வரும் கூட்டத்தொடரிலேயே இந்தத் திருத்தத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஏற்கப்படும் வரை, தொழிலாளரைத் தொடும் ஒவ்வொரு மசோதாவின்போதும் இருவரும் தங்கள் இருக்கையில் இருந்து டிவிஷன் கேட்க வேண்டும்.