பூட்டிய கோப்பும் மெலிந்த ஆய்வேடும்

அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவுகள் துறைகளில் நம் பல்கலைக்கழகங்கள் தரும் முனைவர் பட்டங்களைக் குறைசொல்வது எளிது. ‘இந்திய - இலங்கை உறவுகள்: சவால்களும் வாய்ப்புகளும்’ என்ற தலைப்பில் நாட்டின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு எத்தனை ஆய்வேடுகள்! பழி வழக்கமாக மாணவர் மேல் விழும், தப்பினால் நெறியாளர் மேல். பல்கலைக்கழக மானியக் குழுவும் நோயை அங்கேதான் தேடுகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் கொழித்தன. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் போனது, எம்.ஃபில். பட்டமும் சேர்ந்தே போனது. விதிகளை எப்படித் திருத்தினாலும் வெளியுறவு பற்றிய ஆய்வு தேறப்போவதில்லை. அரசு எப்படி முடிவெடுத்தது என்பதை ஆராய வேண்டியவர் கையில் அரசின் தாள் ஒன்றுகூட இல்லை என்பதுதான் அதன் அடிப்படைக் கோளாறு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993 பொது ஆவணச் சட்டமும் 1997 விதிகளும், நிலையாகப் பாதுகாக்க வேண்டிய கோப்புகளை 25 ஆண்டுகள் கடந்ததும் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஆனால் ரகசிய முத்திரை நீங்காத கோப்பை ஒப்படைக்க முடியாது. முத்திரையை நீக்க வேண்டியதும் அதே அமைச்சகம்தான். விளைவு டெல்லி ஜன்பத் காப்பகத்தின் ஆய்வறையில் தெரியும். அட்டவணையில் கோப்பின் எண் இருக்கும், தலைப்பும் இருக்கும். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், அதன் மேல் ‘என்.டி.’ என்று இரண்டெழுத்து கிறுக்கித் திரும்பி வரும்: இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. 151 அமைச்சகங்கள், துறைகளில் 36-இன் ஆவணங்களே தங்களிடம் இருப்பதாகவும், 1962, 1965, 1971 போர்களைப் பற்றியோ பசுமைப் புரட்சியைப் பற்றியோ ஆவணம் இல்லை என்றும் 2022 டிசம்பரில் காப்பகத்தின் தலைமை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார்.

கதவு சற்றுத் திறந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட்டோம். வெளியுறவு அமைச்சகம் நேரு காலத்துக் கோப்புகளில் கணிசமானவற்றை அனுப்பிய பிறகு, 1950, 60-களைப் பற்றிய எழுத்தின் தரமே மாறியது. தன்வி மதன் 2020-இல் வெளியிட்ட நூல் அமெரிக்க, இந்திய ஆவணங்களை அருகருகே வைத்து, அவ்விரு நாடுகளின் உறவைச் சீனா எப்படி வளைத்தது என்று காட்டுகிறது. வங்கதேசப் போருக்கு வந்தால் தரை நழுவுகிறது. 2013-இல் வந்த ஸ்ரீநாத் ராகவனின் நூல் பல நாட்டுக் காப்பகங்களைத் தேடிப் போனது. இந்தியத் தரப்புக்கு அது பெரிதும் நம்பியது, இந்திரா காந்தியின் செயலராக இருந்து, நேரு நினைவு நூலகத்துக்கு வந்து சேர்ந்த பி.என். ஹக்சரின் தனித்தாள்களை. ஓர் அதிகாரியின் தாள்கள் தப்பிப் பிழைத்ததால் நமக்குக் கொஞ்சம் வரலாறு கிடைத்தது. லண்டன் கியூ காப்பகத்துக்கும் வாஷிங்டனுக்கும் போக வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பணம் வேண்டும். திருநெல்வேலியில் பதிவு செய்த மாணவருக்கு ஜன்பத் போய்வரவே கையைக் கடிக்கும்.

ரகசியம் வெளியானால் அயல்நாடுகளுடன் உறவு கெடும் என்பார்கள். 2005 ஜூன் கடைசியில் அமெரிக்க வெளியுறவுத் துறை 1971 நெருக்கடி பற்றிய தன் ஆவணத் தொகுதியை வெளியிட்டது. இந்திரா காந்தியைப் பற்றி நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் தனியறையில் பேசிய வசைகள் உலகத்துக்கே தெரிந்தன. ஜூலை 18 அன்று மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் அணுசக்தி ஒத்துழைப்பை அறிவித்தார்கள். வெள்ளை மாளிகையின் வசைமொழிக்கே அசையாத உறவு, நம் அமைச்சகத்தின் 40 ஆண்டுப் பழைய குறிப்பொன்றால் முறியும் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது. 1962 போர்த் தோல்வியை ஆராய்ந்த 1963-இன் ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் ஒரு பகுதியைப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் 2014-இல் இணையத்தில் போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், காப்பகத்தில் மட்டும் கிடைக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 20 ஆண்டுகள் கடந்த தகவலைத் தரச் சொல்லும் அதன் 8(3) பிரிவு, அயல்நாட்டு உறவு, பாதுகாப்பு தொடர்பான விலக்கைக் காலவரையின்றி விட்டுவைத்திருக்கிறது. நம் துறையின் பாடமே அந்த விலக்குதான்.

மூடிவைப்பதால் அரசியல் தணிகிறதா என்றால் அதுவும் இல்லை. 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தின் பின்னணிக் குறிப்புகள் அரை நூற்றாண்டு கழித்து, 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு, அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை அதே சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பெற்றதன் வழியே வெளிவந்தன. வெளியுறவுச் செயலர் கேவல் சிங் முதல்வர் கருணாநிதியிடம் முன்கூட்டியே விளக்கினார் என்பது தொலைக்காட்சி விவாதமாகச் சுருங்கியது. அந்த ஒப்பந்தத்தின் முழுக் கோப்பும் 1999 முதலே ஆய்வாளர் மேசையில் இருந்திருந்தால், எந்தக் கட்சியும் தனக்கு வேண்டிய தாளை மட்டும் உருவிக் காட்ட முடியாது.

கோப்பு திறந்தால் மட்டும் நல்ல ஆய்வு விளைந்துவிடுமா என்ற கேள்வி நியாயமானது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை வரலாற்றுத் துறையின் சொத்தாகவே அரசியல் அறிவியல் மாணவர்கள் நினைக்கிறார்கள். இலங்கையைப் பற்றி எழுதுகிறவர்களில் சிங்களம் படிக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பயிற்சியில் குறை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பார்க்கவே கிடைக்காத ஆவணத்தைப் படிக்கும் முறையை எந்த நெறியாளர் எப்படிச் சொல்லித்தருவார்?

தாள் இல்லாவிட்டால் என்ன, ஓய்வுபெற்ற தூதர்களையும் தளபதிகளையும் நேர்காணலாமே என்பவர்களுக்கு 1987 அமைதிப் படை விவகாரமே விடை. பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய் அல்லது சுடு என்று தூதர் ஜே.என். தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும் படைத் தளபதி ஹர்கிரத் சிங் தம் நூலில் எழுதினார். தீட்சித் 2005-இல் மறைந்தார். ஹர்கிரத் சிங்கின் நூல் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை எந்த நேர்காணலும் இனித் தீர்க்காது. அந்த நாட்களில் கொழும்பு, யாழ்ப்பாணம், டெல்லி இடையே போய்வந்த தந்திகளைப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கலாம். சட்டக் கணக்கில் அவற்றின் 25 ஆண்டுகள் 2012-லேயே முடிந்துவிட்டன.